சுவிட்சை அணைச்சிட்டுப் போனவன்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போய் ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏழு மாசம் பத்தொன்பது நாள் எங்க தெருவுக்கு மேல சுத்தின ஒரு தெர்மோகோல் ஏரோப்ளேனைப் பத்தித்தான் சொல்லப்போறேன், அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். பேரு கொம்பையா. நாகலாங்குறிச்சியில பந்தல் போடுற ஆளு. கல்யாணமோ சடங்கோ சாவோ, முதல்ல வர்றது நானும் என் மூங்கிலும், கடைசியில போறதும் நாங்கதான். ஒரு வீட்டுல அழுகை எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஓயும், யாரு மெய்யா அழுவா, யாரு முந்தானைக்குள்ள மூக்கை மட்டும் சிந்துவா, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா காசிலிங்கம் வீட்டுச் சாவுக்குப் போட்ட பந்தலைப் பிரிக்க மட்டும் ஏழு மாசத்துக்கு மேல என்னால முடியாமப் போச்சு.

எங்க தண்ணித்தொட்டித் தெருவுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த அன்னைக்கு அந்த வீட்டுல இருந்து வெளிய போனதெல்லாம் வீடு திரும்பணும், அப்பத்தான் பாடையைத் தூக்கணும். மனுசங்க மட்டுமில்ல, ஆடு, மாடு, இரவல் போன அண்டா, பஞ்சர் ஒட்டக் குடுத்த சைக்கிள், எல்லாமேதான். செத்தவங்க பாதி வழியில நின்னு 'எதையோ மறந்துட்டமே'ன்னு திரும்பிப் பார்த்துறக் கூடாதாம். தபால்கார வேலுமயில் செத்தப்ப அவர் வீட்டு வெள்ளாடு மேயப்போன இடத்துல தொலைஞ்சு, தெருவே கருவேலங்காட்டுக்குள்ள பூந்து தேடி, மறுநா மத்தியானம் அது பாட்டுக்கு வந்து வாசல்ல நின்னு கத்தின பிறகுதான் தூக்கினோம். இன்னொண்ணு, பிணம் கிடக்கிற வரைக்கும் தெருவுல எந்த வீட்டுலயும் அடுப்புப் பத்தாது. வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போறாங்க, அவங்க செத்தா அவங்க இஷ்டத்துக்குத் தூக்கட்டும்.

காசிலிங்கம் மோட்டார் காயில் கட்டுறவன். கருகின கிணத்து மோட்டாரைக் கொண்டாந்து போட்டா, பழைய கம்பியை உரிச்சு, எத்தனை சுத்துன்னு எண்ணி, புதுக் கம்பியை அதே கணக்குக்குச் சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காயவச்சுக் குடுப்பான். பக்கத்துல உக்காந்து சுத்து எண்ணுறது அவன் பொண்டாட்டி அன்னக்கொடி. அவன் அப்பன் கரண்டுல அடிபட்டுப் போனவரு, அதனாலயோ என்னவோ, எந்த வேலையை விட்டு எந்திரிச்சாலும் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் எந்திரிப்பான், கை தானாப் போகும். கல்யாணத்தன்னைக்குத் தாலியைக் கட்டிட்டு மணவறையை விட்டு இறங்கினவன் போற போக்குல என் மைக்செட்டு சுவிட்சைத் தட்டிட்டுப் போயிட்டான்; நாயனம் பாதியில ஊமையாயி, பந்தலே உருண்டு புரண்டு சிரிச்சது. நானும் சிரிச்சேன். அந்தக் கைதான் இத்தனைக்கும் காரணம்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்.

அவங்களுக்கு ஒரே பிள்ளை, வர்ஷிகா. ஒன்பது வயசு, பிறக்கும்போதே நெஞ்சுல ஓட்டை. ஆபரேசனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க, உடம்பு கொஞ்சம் தேறணும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. ஓடக் கூடாது, ஓடினா உதடு நீலம் பாரிச்சிரும். ஒருநா பள்ளிக்கூடம் விட்டு வந்து, "எனக்குப் பதிலா ஓடுறதுக்கு எதாவது வாங்கிக் குடுப்பா"ன்னு கேட்டிருக்கா. "ஓடுறது என்னத்துக்கு, பறக்கிறதாவே வாங்குவோம்"னு சொன்னான் அவன். அப்பிடி வந்து சேர்ந்ததுதான் அந்த ஏரோப்ளேன். புதுசாக் கத்துக்கிறவங்களுக்கான வெள்ளைத் தெர்மோகோல் உடம்பு, முதுகு மேல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுற ரெக்கை, மூக்குல கட்டைவிரல் தண்டி மோட்டாரு, கையில பிடிக்க ரெண்டு குச்சி வச்ச ஒரு ரிமோட்டு.

பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே கண்மாய்க்குத் தூக்கிட்டுப் போனாங்க. எங்க கண்மாய்க்குத் தண்ணி வந்து ஒன்பது வருசம் ஆச்சு, அந்தப் பிள்ளை கண்மாயில தண்ணியையே பார்த்ததில்ல. காசிலிங்கம் வீசிவிட்டான், அது நேரா மண்ணுல குத்துச்சு. மூக்கைத் தூக்குன்னு குச்சியை இழுத்தா அது மூக்கைக் கவுத்துச்சு. வாலுக்குப் போற கம்பியைத் தலைகீழா மாட்டியிருக்கான் அந்தக் கெட்டிக்காரன். அதைத் திருப்பி மாட்டினா இப்ப வாலு கனத்து உக்காந்துச்சு. அப்புறம் புத்தகத்தைப் படிச்சு, ரெக்கைக்கு அடியில ரெண்டு பக்கமும் விரல் நுனியைக் குடுத்துத் தூக்கினா ஆடாம நிக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு, மூக்குக்குள்ள செப்புக்கம்பித் துண்டுகளைத் திணிச்சுத் திணிச்சுப் பார்த்தான். ஒரு சாயங்காலம் அது வர்ஷிகாவோட ரெண்டு விரல் மேலயும் அசையாம நின்னுச்சு. "அப்பா, என் விரல்ல நிக்குது, மூச்சு விடாத, மூச்சு விடாத"ன்னு அவ கத்தினது என் கடை வரைக்கும் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் அவன் கை சும்மா இருக்குமா? ரெக்கை ஒடிஞ்சப்ப உள்ள மூங்கில் சீவி வச்சான், என் மூங்கில்தான். சக்கரம் கண்மாய் மண்ணுல சிக்குதுன்னு பிடுங்கிப் போட்டுட்டு, வயித்துல தண்ணிக் கேன் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டி, வழுக்கிட்டு இறங்குற மாதிரி பண்ணினான். எட்டு நிமிசத்துல பேட்டரி தீருதுன்னு பழைய லேப்டாப்ல இருந்து எடுத்ததைக் கோத்துப் போட்டான், பன்னெண்டு நிமிசம் ஆச்சு. கட்டைவிரல் தண்டி மோட்டாரையும் விடலை, பிரிச்சு, கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு மெல்லிசுக் கம்பியில ரெண்டு சுத்துக் கூடச் சுத்தினான். பிள்ளை பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு ரிமோட்டைப் பிடிச்சு ஓட்டுவா. வீட்டுக்கு வந்து அடுப்படியில அம்மா கையில ரெண்டு கரண்டியைக் குடுத்து, "அது நம்மளை விட்டுப் போறப்ப எல்லாம் நேரு, நம்மளைப் பார்த்து வர்றப்ப எல்லாம் மாத்திப் போடணும், வலதுன்னா இடதும்மா"ன்னு பாடம் எடுப்பா. அன்னக்கொடி ரசத்தைப் பார்ப்பாளா கரண்டியைப் பார்ப்பாளா.

ஒருநா காத்துல அது ரொம்பத் தூரம் போயி ரிமோட்டுக்கும் அதுக்கும் தொடர்பு அறுந்துபோச்சு. அப்பிடி அறுந்தா ப்ளேன் என்ன செய்யணும்னு முதல்லயே அதுக்குச் சொல்லி வைக்கணுமாம், மோட்டார் நிக்கணும்னுதான் சொல்லணும்னு புத்தகத்துல போட்டிருக்காம், அவனும் அப்பிடியே வச்சிருந்தான். மோட்டார் நின்னு, அது கருவேல முள்ளுக்குள்ள விழுந்துச்சு. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதா, உதடு நீலமாயிருச்சு, நகம் நீலமாயிருச்சு, அவன் அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினான். மறுநா கடையில உக்காந்து அந்தச் சொல்லை மாத்தி வச்சான்: தொடர்பு அறுந்தா நிக்காத, விழாத, பாதி வேகத்துல இடது பக்கமாச் சாஞ்சு சுத்திக்கிட்டே இரு. "பேட்டரி தீர்ற வரைக்கும் சுத்தும் அண்ணாச்சி, அதுக்குள்ள ஓடிப்போய்ப் பிடிச்சிரலாம்"னு என்கிட்ட சொன்னான். புத்தகத்துல வேணாம்னு போட்டிருக்கேப்பான்னேன். புத்தகம் எழுதினவனுக்குப் பிள்ளை இருந்திருக்காதுன்னான்.

வைகாசி மாசம், காலையில பத்து மணி இருக்கும். பிள்ளைக்கு அன்னைக்கு அசதி, வீட்டுல படுத்திருந்தா. "நீ போய்ப் புது பேட்டரியை ஓட்டிப் பார்த்துட்டு வாப்பா, நான் சன்னல்ல பார்க்கிறேன்"னு அனுப்பி வச்சிருக்கா. அவன் கண்மாயில நின்னு ஓட்டிக்கிட்டு இருந்தான், சன்னலுக்கு நேரா ரெண்டு தரம் கொண்டுபோய்த் திருப்பினான். அப்ப போன் அடிச்சது. அன்னக்கொடி ஒரே வார்த்தைதான் சொன்னா, "வாங்க." அவன் ரிமோட்டைத் தரையில வச்சான், சுவிட்சை அணைச்சான், ஓடினான்.

நான் மூங்கிலோட போய்ச் சேரும்போது பிள்ளை சன்னலோரம் கட்டில்ல சாஞ்சபடிக்கே இருந்தா, கண்ணை மூடி, வாய் ஓரத்துல சிரிப்பு காயாம. ரிமோட்டு அணைஞ்சா தொடர்பு அறுந்த கணக்குத்தானே, ப்ளேன் மேல இடது பக்கமாச் சாஞ்சு சுத்திக்கிட்டு இருந்துச்சு. காத்து அதை நகட்டி நகட்டித் தெருவுக்கு நேரா கொண்டாந்துருச்சு. தாய்மாமன் கோடித்துணியோட வந்தாச்சு, சொந்தம் சனம் வந்தாச்சு, குளிப்பாட்டித் தலையில கனகாம்பரம் வச்சாச்சு, பாடையும் தயாரு. "வெளிய போனது எல்லாம் வந்தாச்சா"ன்னு வழக்கப்படி தெருப் பெரியதனம் கேட்டாரு. எல்லாரும் மேல பார்த்தோம். பன்னெண்டு நிமிசம்தானே, இறங்கிரும்னு காத்திருந்தோம்.

இறங்கலை. மத்தியானம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சு, விடிஞ்சும் சுத்துச்சு. குளிர்பெட்டி கொண்டாந்து வச்சேன், மூணாம் நாள் திருப்பி எடுத்துட்டுப் போனேன், வேலையே இல்ல அதுக்கு. பிள்ளை படுத்தது படுத்தபடி, குளிப்பாட்டின ஈரம் முடி நுனியில அப்பிடியே, கனகாம்பரம் வாடலை. கனகாம்பரம் லேசுல வாடாதுன்னு ஒருத்தி சொன்னா. பத்து நாளைக்கா வாடாதுன்னு கேட்டேன்.

பழகிக்கிறதுல மனுசனை மிஞ்ச ஒண்ணுமில்ல. முதல் வாரம் கையைப் பிசைஞ்சாங்க, ரெண்டாவது வாரம் சொந்தக்காரங்க முறை வச்சு வந்து போனாங்க, ஒரு மாசத்துல நாப்பது வீட்டுக்கும் சேர்த்துப் பக்கத்துத் தெருவுல ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டு, நாப்பது அடுப்பையும் அங்க கொண்டுபோய் வச்சிட்டாங்க, பொம்பளைங்க கூடிச் சமைச்சுக் கூடிப் பேசி, இது நல்லாத்தான் இருக்குன்னு ஆயிருச்சு. அதிகாரி ஒருத்தர் ஜீப்புல வந்து இறங்கி, பறக்கிறதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்டு, ஒரு மணி நேரம் மேல பார்த்து, 'காற்றில் உள்ளது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, மோரு குடிச்சிட்டுப் போனாரு. காக்காய்ங்க முதல்ல விரட்டுச்சு, அப்புறம் பின்னாலயே பறந்துச்சு, அப்புறம் அதைக் கண்டுக்கிறதையே விட்டுருச்சு. ஒரு சுத்துக்கு முக்கா நிமிசம். பத்து சுத்துக்கு முட்டை வேகும், முப்பது சுத்துக்குள்ள தண்ணிக் குழாயை அடுத்தவளுக்கு விடணும்னு தெருவுல சட்டமே வந்துருச்சு. அந்த ரீங்காரம் கேட்டாத்தான் எங்க தெரு முத்துப்பேச்சியோட கைப்பிள்ளை தூங்கும். என் பந்தலுக்குக் கீழ பிள்ளைங்க வீட்டுப்பாடம் எழுதுச்சு, என் நாற்காலியில கிழடுங்க தாயம் ஆடுச்சு. ஐப்பசியில நாலு தூத்தல் போட்டப்ப, ஐயோ நனையுதேன்னு பாதித் தெரு வெளிய வந்து நின்னுச்சு, துணியை எடுக்கக் கூட யாருக்கும் தோணலை.

அது ஏன் இறங்கலைன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. கூடச் சுத்தின அந்த ரெண்டு சுத்துதான்னான் ஒருத்தன், பிள்ளையோட மூச்சுதான்னான் இன்னொருத்தன். எனக்கு அதெல்லாம் வேண்டாம். ரிமோட்டை எடுத்துச் சுவிட்சைப் போட்டா அது சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கிரும்னு தெருவுல அத்தனை பேருக்கும் தெரியும், நடக்கத் தெரிஞ்ச பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேற ரிமோட்டு சொன்னா அது கேக்காது, அந்த ரிமோட்டேதான் சொல்லணும். அதைக் கண்மாயில இருந்து எடுத்துட்டு வந்து காசிலிங்கம் தன்கிட்டயே வச்சிருந்தான். நாங்க ஒருத்தரும் அவன்கிட்டக் கேக்கலை. பாவம்னு நினைச்சோம்னு வெளிய சொல்லிக்கிட்டோம், உள்ளுக்குள்ள எங்களுக்கும் அது மேல இருந்தாப் போதும்னு ஆயிருந்துச்சு. த்தூ, இப்ப நினைச்சா வெக்கமாத்தான் இருக்கு.

அவன் கடையைத் திறந்துட்டான். மோட்டார் கட்டினான். மத்தியானம் சாப்பிட வந்தா நேரா கட்டில் பக்கத்துல உக்காந்து, "பாப்பா, இன்னைக்கு மேக்காத்து, வாலு கொஞ்சம் ஆட்டுது, அடுத்தாப்புல ரெக்கையில ரெண்டு மடக்கு வச்சிட்டோம்னா உருண்டு கூட வரும்"னு பேசுவான். அவன் முகத்துல துக்கமே இல்ல. அன்னக்கொடிதான் வத்திப்போனா. தினமும் காலையில பிள்ளைக்கு முகம் துடைச்சு, தலை சீவி, கவுன் மாத்துவா, அழ மாட்டா. பாடை தூக்குற வரைக்கும் அடக்கித்தானே வச்சிருக்கணும், தூக்குறப்பத்தானே பெத்தவ விழுந்து புரண்டு கத்தணும், அது எங்க முறை. ஏழு மாசமா அது அவ தொண்டையில நின்னுச்சு. ஒரு தரம் என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, உங்க நாற்காலியெல்லாம் எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"ன்னு கேட்டா. அவசரமில்ல தாயின்னு சொன்னேன். அவ என்னைப் பார்த்த பார்வையில, நான் சொன்னது எவ்வளவு பெரிய பாவம்னு தெரிஞ்சுச்சு.

மார்கழியில பிள்ளைக்குப் பத்தாவது பிறந்தநாள் வந்துச்சு. காசிலிங்கம் கேக்கு வாங்கிட்டு வந்தான், பத்து மெழுகுவத்தி குத்தினான், தெருவுல தீ பத்தக் கூடாதே, அதனால ஒண்ணையும் பத்தவைக்கலை. அன்னக்கொடி புது கவுனைப் பிரிச்சா. அது சித்திரையிலயே எடுத்து வச்சது, எப்பவும்போல வளர்ந்துருவான்னு ஒரு சைஸ் பெருசா. போட்டுவிட்டா. கை ரெண்டும் உள்ளங்கையைத் தாண்டித் தொங்குச்சு, கழுத்து ஒரு பக்கமா வழிஞ்சுச்சு. அவ மடக்கி மடக்கி விட்டுப் பார்த்தா, நிக்கலை.

காசிலிங்கம் எட்டிப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னான், "விடு, அடுத்த வருசத்துக்குச் சரியாயிரும்."

நான் வாசல்ல நின்னேன், என் காதால கேட்டேன். அன்னக்கொடி பிள்ளை கையை எடுத்து அந்த நீளக் கைக்குள்ள விட்டு மூடினா, எந்திரிச்சா, செருப்பைப் போட்டா, கடைக்கு நடந்தா. நான் பின்னாலயே போனேன்.

கடை மூலையில ஒரு பெரிய மோட்டார் கிடந்துச்சு, யாரு குடுத்ததுன்னு சீட்டே கட்டாதது. "பிள்ளை போன மூணாம் நாள் இவரு வந்து இதைச் சுத்தினாரு. நான் வீட்டுல இருந்து மிஷின் சத்தத்தை வச்சு எண்ணிக்கிட்டு இருந்தேன். எந்த மோட்டாருக்கும் இத்தனை சுத்து கிடையாது அண்ணாச்சி"ன்னா. உளியை எடுத்தா. வார்னிஷ் ஊத்தி இறுகின கம்பி, அதை வெட்டி வெட்டிக் குறட்டால இழுத்தா, எண்ணிக்கிட்டே இழுத்தா, விரல் கிழிஞ்சு செப்புக்கம்பியெல்லாம் ரத்தம். நான் இழுக்கிறேன் குடு தாயின்னதுக்குக் குடுக்கலை. மத்தியானம் திரும்புறப்ப, உள்ள, துணியில சுத்தி, ரிமோட்டு இருந்துச்சு. ஏழு மாசமும் அவன் அதுக்குக் காவல் உக்காந்திருக்கான். பேட்டரி செத்திருந்துச்சு. என் டார்ச்சுல இருந்து நாலைக் கழட்டிக் குடுத்தேன்; இந்த விசயத்துல நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் நல்லதான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

கண்மாய்க்குப் போற வழியில தெருவே வந்து நின்னுச்சு. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை, ஆனா நின்னாங்க. பெரியதனம் தரையைப் பார்த்தாரு. முத்துப்பேச்சி கைப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு முன்னால வந்து, "அக்கா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன இடைஞ்சல், என் பிள்ளை அந்தச் சத்தத்துலதானேக்கா தூங்குது"ன்னா.

"உன் பிள்ளை தூங்குது பேச்சி," அன்னக்கொடி சொன்னா. "என் பிள்ளை இன்னும் தூங்கலை."

பேச்சி விலகினா, எல்லாரும் விலகினாங்க.

கண்மாய் நடுவுல நின்னு அன்னக்கொடி சுவிட்சைப் போட்டா. ரிமோட்டுல ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. மேல அந்த ரீங்காரம் பட்டுன்னு நின்னுச்சு. ஏழு மாசமா காதுல கிடந்த சத்தம் நின்னதும் எனக்கு ஒரு நிமிசம் செவிடாப் போச்சோன்னு பயமாயிருச்சு. தெருவுல கைப்பிள்ளை வீல்னு கத்துறது கேட்டுத்தான் உசுரு வந்துச்சு. ப்ளேன் மூக்கைத் தாழ்த்தி, சத்தமில்லாம, எங்களைப் பார்த்து வந்துச்சு. அன்னக்கொடி வலது பக்கம் தள்ளினா, அது மாறிப் போச்சு. "வலதுன்னா இடது, வலதுன்னா இடது"ன்னு அவ வாய் முணுமுணுக்குது, கை கேக்கலை. கரையோரம் கருவேலங்காடு, நேரா அதைப் பார்த்துத்தான் போகுது.

காசிலிங்கம் வந்தான். சத்தம் நின்னதும் வீட்டுல இருந்து ஓடி வந்திருக்கான், செருப்பில்ல, கையில கேக்கு அப்பியிருக்கு. ரிமோட்டைப் பிடுங்கித் திரும்பவும் சுவிட்சை அணைச்சிருவான், அது மறுபடி மேல போயிரும், இன்னும் ஏழு மாசமோ எழுபது வருசமோன்னு நான் நினைச்சேன். நடுவுல பாயலாமான்னு கூட நினைச்சேன். அவன் பொண்டாட்டியைப் பார்த்தான், அவ விரலைப் பார்த்தான், அப்புறம் ப்ளேன் எங்க போகுதுன்னு பார்த்தான். அவன் முகம் அப்பிடியே மாறிப்போச்சு.

"முள்ளுடி," அவன் குரல் ஒடைஞ்சுச்சு. "முள்ளுல விழப்போகுது. முள்ளுல விழுந்தா பாப்பா அழுவாடி."

அவ கை மேலயே தன் கையை வச்சான். ரெண்டு பேர் கட்டைவிரலும் சேர்ந்து அந்தக் குச்சியைத் தள்ளுச்சு. கொஞ்சம் மோட்டாரைக் குடுத்து மூக்கைத் தூக்கி, முள்ளுக்கு ஒரு சாண் மேல ரெக்கையைச் சாய்ச்சுத் திருப்பி, காத்துக்கு எதிரா கொண்டாந்து, மோட்டாரை நிறுத்தி, அவன் அதை இறக்கினான். தண்ணிக் கேன் பிளாஸ்டிக்கு மண்ணுல உரசிச் சர்ருன்னு வழுக்கி, எங்க காலுக்கு ரெண்டடி தள்ளி நின்னுச்சு. வெள்ளை உடம்பெல்லாம் புழுதியும் காக்கா கீறினதும், வாலுல ஒரு சிலந்திக் கூடு. அவ்வளவு நல்லா அவன் அதுக்கு முன்னால ஒரு தரம்கூட இறக்கினதில்ல.

இறக்கின பிறகுதான் என்ன செஞ்சோம்னு அவனுக்கு உறைச்சிருக்கணும். வீட்டைப் பார்த்து ஓடினோம். அன்னக்கொடி முன்னால, அவன் ப்ளேனைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பின்னால, ரிமோட்டு என் கையில.

கனகாம்பரம் கருகியிருந்துச்சு. முடி காய்ஞ்சிருந்துச்சு. வாய் ஓரத்துச் சிரிப்பு போயிருந்துச்சு, அது இருந்த இடம் தெரிஞ்சுச்சு. பெரிய கவுனுக்குள்ள பிள்ளை சின்னதாக் கிடந்தா. அன்னக்கொடி வாயைத் திறந்தா. நான் முப்பது வருசம் சாவு வீட்டு அழுகை கேட்டவன், எந்த அழுகையையும் எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லுவேன், இதை மட்டும் சொல்ல மாட்டேன். "வெளிய போனது எல்லாம் வந்தாச்சா"ன்னு பெரியதனம் கேட்டாரு. காசிலிங்கம்தான் பதில் சொன்னான், "வந்தாச்சு"ன்னான். பொழுது சாயறதுக்குள்ள தூக்கிட்டோம்.

மறுநா நாப்பது வீட்டுலயும் அடுப்புப் பத்துச்சு, தெரு முழுக்கப் புகை. மூணாம் நாள் பந்தலைப் பிரிச்சேன். மூங்கில் ஊனின குழி ஒவ்வொண்ணுலயும் ஏழு மாசத்துப் புல்லு சுத்தி முளைச்சிருந்துச்சு. முத்துப்பேச்சி பிள்ளையைத் தூங்க வைக்க மிக்சியை ஓட்டிப் பார்த்தா, தையல் மிஷினை ஓட்டிப் பார்த்தா, ஒண்ணும் சரிப்படலை, ஒரு மாசத்துல அதுவே அழுது அழுது பழகிக்கிருச்சு.

காசிலிங்கம் இப்பவும் மோட்டார் கட்டுறான், அன்னக்கொடி இப்பவும் பக்கத்துல உக்காந்து எண்ணுறா. ரெண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல, பேசியும் பார்த்ததில்ல. ஒண்ணுதான் மாறிப்போச்சு, அவன் எந்தச் சுவிட்சையும் அணைக்கிறதில்ல. பட்டப்பகல்ல கடையில டியூப்லைட் எரியும், ஆளில்லாத வீட்டுல ஃபேன் சுத்தும், கம்பியே இல்லாம காயில் மிஷின் வெறுமனே ஓடும். அந்த ரிமோட்டைச் சுவரோட கரண்டுல நேரா மாட்டி அலமாரியில வச்சிருக்கான், சிவப்பு லைட்டு எந்நேரமும் எரியும். ஒருநா பேசிட்டு எந்திரிக்கிறப்ப என் கை சும்மா அது பக்கம் போச்சு. "வேணாம் அண்ணாச்சி"ன்னு ஒரு குரல், அவன் குரல் இல்ல, அன்னக்கொடி குரல். கையை எடுத்துக்கிட்டேன்.

எங்க ஊருல கரண்டு அடிக்கடி போகும். போனா ஃபேனு நிக்கும், மிஷின் நிக்கும், அந்தச் சிவப்பு லைட்டும் அணையும். அப்ப மட்டும் அவங்க ரெண்டு பேரும் செஞ்சுக்கிட்டிருக்கிற வேலையை அப்பிடியே போட்டுட்டு வாசலுக்கு வந்து நின்னு அண்ணாந்து பார்ப்பாங்க. மேல ஒண்ணும் இருக்காது. கரண்டு வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, உள்ள போய் விட்ட இடத்துல இருந்து எண்ண ஆரம்பிப்பாங்க.